வடபேராக் ஈய நகர வரலாறுகளில் தமிழர்: கிளியான் இந்தானை முன்வைத்து ஒரு மறுபார்வை

பேராக் மாநிலத்தின் வடகோடியில், தாய்லாந்து எல்லைக்கு அண்மையில், கிளியான் இந்தான் என்னும் சுரங்கச் சிற்றூர் உள்ளது. கோலகங்சாரிலிருந்து லெங்கோங், கிரிக் ஆகிய ஊர்களைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்வோர், முன்னர்க் குரோ என வழங்கிய பெங்காலான் உலுவை அடைவதற்கு முன் இவ்வூர்ப் பகுதியைக் காண்பர். பெங்காலான் உலுவிலிருந்து ஒரு சாலை கெடாவின் பாலிங்கிற்கும் மற்றொன்று எல்லை தாண்டிப் பெத்தோங்கிற்கும் செல்கின்றன. மலாய்மொழியில் ‘கிளியான்’ என்பது சுரங்கத்தையும் ‘இந்தான்’ என்பது வைரத்தையும் குறிக்கும். பெயரில் வைரம் இருப்பினும் இவ்வூர் மண்ணில் தோண்டி எடுக்கப்பட்டது வெள்ளீயமே.

தைப்பிங் நகரின் பழம்பெயர் கிளியான் பாவ் என்பதையும், அதன் அருகிலுள்ள கமுந்திங் ஒரு காலத்தில் கிளியான் பாரு எனப்பட்டதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்று மாநிலத் தலைநகராக உயர்ந்து, சுரங்கக் குழிகளை ஏரிப் பூங்காவாக மாற்றிக்கொண்ட ஊர். மற்றொன்று எல்லையோரத்தில் ஒதுங்கி, இன்றும் ஈயம் தோண்டிக்கொண்டிருக்கும் ஊர். இவ்விரண்டின் வரலாற்றையும் மீண்டும் ஒரு முறை தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வரலாறு எழுதப்பட்டுள்ள முறை, அதில் தமிழர் இடம்பெறும் அல்லது இடம்பெறாத முறை ஆகியவற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இவ்வாய்வுக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது ஒரு மாணவரின் ஒப்படைப்பு. சில ஆண்டுகளுக்கு முன்னர், வட்டார வரலாறு குறித்த கருத்தரங்க வகுப்பில், தம் குடும்பத்தின் மூன்று தலைமுறைத் தொழில் வரலாற்றை எழுதிவருமாறு மாணவர்களைப் பணித்திருந்தேன். கமுந்திங் பகுதியைச் சேர்ந்த ஒருவர் தம் தாத்தாவை ‘இரப்பர்த் தோட்டத் தொழிலாளி’ என்று எழுதியிருந்தார். எந்தத் தோட்டம் என்று வினவியபோது அவரால் விடை கூற இயலவில்லை. சற்றுத் தயங்கிய பின்னரே, தாத்தா ஈய லம்பத்தில் மண்ணள்ளியவர் என்றார். பிறகு ஏன் தோட்டம் என எழுதினீர் என்று கேட்டதற்கு அவர் சொன்ன மறுமொழி என்னைத் துணுக்குறச் செய்தது: “ஈயம் சீனர், இரப்பர் இந்தியர் என்றுதானே ஐயா படித்தோம்?”

அவரைக் குறைகூறுவதற்கில்லை. பள்ளிப் பாடநூலிலிருந்து கோயில் குடமுழுக்கு மலர் வரை நாம் அனைவரும் எழுதியும் கற்பித்தும் வந்துள்ள வாய்பாடு அது. பெரும்போக்கை உரைக்கும் வகையில் அது பொய்யுமன்று. ஆயினும் ஒரு பேரனின் கண்முன் தாத்தாவின் தொழிலையே மாற்றி எழுதச் செய்யும் அளவிற்கு ஒரு வாய்பாடு வலிமை பெற்றுவிடின், அதன் தோற்றுவாயை வினவுவது ஆய்வாளரின் கடமையாகிறது.

எல்லையூரின் மூன்று கதைகள்

கிளியான் இந்தானைப் பற்றி இதுகாறும் எழுதப்பட்டவை பெரும்பாலும் மூன்று கதைகளுள் அடங்கும்.

முதலாவது எல்லைக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயாமியர் பட்டாணி அரசை ஏழு சிறு நாடுகளாகப் பிரித்தனர். அவற்றுள் ஒன்று ரெமான். பேராக் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள ஈய நிலங்கள் யாருக்குரியவை என்பதில் ரெமானுக்கும் பேராக்கிற்கும் நெடுநாள் பூசல் நிலவியது. பேராக்கில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி மேக்ஸ்வெல் 1876இல் கால்நடையாகப் பட்டாணி எல்லைக்குச் சென்று எழுதிய பயணக் குறிப்பு, 1882இல் அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் அச்சேறியது. 1909 மார்ச் 10ஆம் நாள் பாங்காக்கில் கையெழுத்தான ஆங்கில-சயாமிய ஒப்பந்தத்தின் பயனாகக் கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் ஆகியவை பிரித்தானியச் செல்வாக்கின்கீழ் வந்தன. ரெமானின் தென்பகுதியும் கிளியான் இந்தானுடன் பேராக்கில் இணைந்தது. இக்கதையில் வருவோர் அரசர்களும் தூதுவர்களும் நில அளவையாளர்களுமே. ஈயம் பூசலுக்குக் காரணமாக வருகிறது. அதைத் தோண்டியவர் வருவதில்லை.

இரண்டாவது நிறுவனக் கதை. 1907இல் தோன்றிய ரஹ்மான் ஹைட்ராலிக் டின் நிறுவனத்தின் கதை அது. தமிழ் வாசகர் இப்பெயரைக் கண்டவுடன் ரஹ்மான் என்னும் ஒருவர் தொடங்கிய நிறுவனமெனக் கருதக்கூடும். அவ்வாறு எழுதப்பட்டதையும் நான் கண்டிருக்கிறேன். உண்மையில் அது ரெமான் என்னும் நாட்டுப் பெயரின் ஆங்கில வடிவம். நாடு வரைபடத்திலிருந்து மறைந்த பின்னும் பெயர் நிறுவனத்தில் எஞ்சி நிற்கிறது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்தின் விலைத்தாங்கல் முறை குலைந்தபோது நாட்டின் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கிளியான் இந்தான் சுரங்கம் மூடப்படவில்லை. 2004இல் அது மலேசியா ஸ்மெல்டிங் கார்ப்பரேஷன் வசமாயிற்று. இன்று நாட்டின் மிகப்பெரிய ஈயச் சுரங்கமாக விளங்குகிறது. நிறுவனக் கதையில் உற்பத்தியும் பங்கும் விலையும் உண்டு. தொழிலாளர் எண்ணிக்கையாக மட்டும் இடம்பெறுவர்.

மூன்றாவது ஒரே ஒரு நாளின் கதை. 1955 டிசம்பர் 28ஆம் நாள், மலாயாப் பொதுவுடைமைக் கட்சியின் தலைமைச் செயலாளர் சின் பெங், கிளியான் இந்தானை அடுத்துள்ள குனோங் பாக்கு அருகே காட்டிலிருந்து வெளிவந்து, பாலிங் பேச்சுவார்த்தைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகியோருடன் இரு நாள் நிகழ்ந்த அப்பேச்சு உடன்பாடின்றி முடிந்தது. அந்நாளில் மட்டும் இச்சிற்றூரின் பெயர் நாட்டின் வரலாற்றில் ஒலித்தது, மறுநாளே அடங்கிற்று.

மூன்று கதைகளும் உண்மையானவை, தேவையானவையும்கூட. எனினும் மூன்றுமே ஊரை வெளியிலிருந்து வருவோரின் பார்வையில் காண்பவை. தூதுவர் வருகிறார், முதலீட்டாளர் வருகிறார், செய்தியாளர் வருகிறார். அவர்கள் வந்த சாலையை வெட்டியவர் யார் என்ற வினா எக்கதையிலும் எழவில்லை. நம் வாய்பாட்டின் குறை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

இரு அலுவலகங்கள், இரு வரலாறுகள்

‘ஈயம் சீனர், இரப்பர் இந்தியர்’ என்பது வரலாற்றாசிரியர் கண்டுபிடித்த முடிவு மட்டுமன்று. அதற்கு முன்பே அது நிருவாக ஏற்பாடாக இருந்தது. குடியேற்ற ஆட்சி சீனத் தொழிலாளரைச் சீனப் பாதுகாவலர் அலுவலகத்தின் பொறுப்பிலும், இந்தியத் தொழிலாளரைத் தனியே தொழிலாளர் துறையின் பொறுப்பிலும் வைத்தது. முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் இலண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 273 வரிசைக் கோப்புகளைப் புரட்டியபோது எனக்கு முதலில் உறைத்தது இதுவே. சுரங்கம் பற்றிய செய்தி ஓரிடத்திலும் இந்தியக் குடிநுழைவு வேறோரிடத்திலும் கிடந்தன. ஆய்வாளர் எந்தக் கோப்பைக் கேட்டு வாங்குகிறாரோ அந்த வரலாறே அவருக்குக் கிடைக்கும்.

ஆயினும் ஆவணங்களின்மீது முழுப் பழியையும் சுமத்துவதற்கில்லை. தொழிலாளர் துறையின் ஆண்டறிக்கைகள் இந்தியத் தொழிலாளரைத் தோட்டம் என்னும் ஒரே கூண்டில் அடைக்கவில்லை. சுரங்கம், ஆலை, அரசுத் துறைகள் எனத் தனித்தனியே கணக்குக் காட்டின. கெர்னியல் சிங் சாந்து 1969இல் வெளியிட்ட நூல் இத்தகைய கணக்குகளை விரிவாகப் பயன்படுத்தி, இந்தியர் தோட்டத்திற்கு வெளியே செய்த தொழில்களையும் ஆராய்கிறது. மறுபுறம், வோங் லின் கென் 1965இல் வெளியிட்ட மலாயா ஈயத் தொழில் வரலாற்றின் மையம் சீனச் சுரங்கத்தாரும் ஐரோப்பிய முதலீடும் ஆகும். அது அந்நூலின் பொருளுக்கு இயல்பானது. தமிழில் எழுதிய நாமே சாந்துவின் விரிந்த கணக்கிலிருந்து தோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதை விட்டுவிட்டோம்.

அவ்வாறு விட்டதற்கும் காரணம் உண்டு. தோட்டத்தில் லயம் இருந்தது, கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, பாட்டு இருந்தது. ஓர் இனக்குழு தன்னைத் தொகுத்துப் பார்ப்பதற்குரிய இடமாக அது அமைந்தது. சாலையோரக் கூடாரத்திலும் மண்வாரிக் கப்பலிலும் சுரங்கக் குழியிலும் உழைத்தவர் சிறு சிறு குழுக்களாகச் சிதறினர்; வேலை முடிந்ததும் இடம்பெயர்ந்தனர். சிதறியவருக்கு மலர் வெளியிட எவருமிலர்.

தைப்பிங்: ‘முதன்மைகளின்’ பட்டியல்

இதற்கு நேர்மாறான சிக்கலைத் தைப்பிங்கில் காண்கிறோம். அங்கே வரலாற்று எழுத்துக்குப் பஞ்சமில்லை. 1848ஆம் ஆண்டளவில் லோங் ஜாபார் லாருட் பகுதியில் ஈயத் தொழிலை வளர்த்தது, 1861இல் நீர்க்கால் ஒன்றைப் பற்றிய தகராறில் தொடங்கிக் கீ ஹின், ஹாய் சான் குழுக்களிடையே மூண்ட போர்கள், 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் ஒப்பந்தம், அதன்பின் ஊருக்கு ‘நிலைத்த அமைதி’ என்னும் பொருளில் தைப்பிங் எனப் பெயரிட்டமை ஆகியவை பலரும் அறிந்தவை. இவற்றைத் தொடர்ந்து ஒரு பட்டியல் வரும்: 1883இல் நாட்டின் முதல் அரும்பொருளகம், 1885 ஜூன் 1இல் போர்ட் வெல்ட் வரையிலான முதல் இருப்புப்பாதை, முதல் இது, முதல் அது. தமிழ் மலர்களும் இப்பட்டியலை அப்படியே பெயர்த்துத் தருகின்றன.

பட்டியல் வரலாற்றின் இடர் என்னவெனில், அதைச் சரிபார்க்கும் வழக்கம் இல்லாது போவதே. ஏரிப் பூங்கா நிலத்தை 1880இல் சுங் தை பின் ஊருக்குக் கொடையளித்தார் என்னும் செய்தி மீள மீள எழுதப்படுகிறது. சுங் தை பின் பிறந்தது 1879இல்! ஒரு வயதுக் குழந்தை சுரங்க நிலத்தைத் தானம் செய்ததாக எழுதிவிட்டு நாம் அடுத்த வரிக்குச் செல்கிறோம். அவருடைய தந்தையார் சுங் கெங் குவீ அக்காலத்தில் பெருஞ்செல்வரும் ஹாய் சான் தலைவருமாக விளங்கியவர் என்பதை எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை.

அதே பட்டியலில் உள்ள இருப்புப்பாதையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ எட்டு மைல் நீளமுள்ள அப்பாதை ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லவே அமைக்கப்பட்டது. அதை இட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட ‘பயனியர்’ தொழிற்படையினர். இலங்கையில் சாலைகள் அமைப்பதற்கென உருவான அப்படையில் தென்னிந்தியத் தொழிலாளர் பெருமளவில் இருந்தனர். அதாவது, மலாயாவில் இரப்பர் வணிகப் பயிராவதற்கு முன்னரே, ஈயத்தின் பொருட்டுத் தமிழர் உழைப்பு இவ்வூருக்கு வந்துவிட்டது. ‘முதல் இருப்புப்பாதை’ என்று பெருமையுடன் எழுதும் நம் மலர்கள் இதனைக் குறிப்பிடாமை வியப்பளிக்கிறது. பாதை போட்டவர் பெயரில்லாத கூலிகள். பாதையைத் திறந்தவர் பெயருள்ள அதிகாரி. பட்டியலுக்குப் பெயர் வேண்டும்.

இருப்புப்பாதைக்குப் பின்னர் வந்த யாழ்ப்பாணத் தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் மருத்துவமனை உதவியாளர்களாகவும் தலைநகர் தைப்பிங்கில் வேரூன்றினர். அவர்களது வரலாறு வேறொரு வரிசை மலர்களில் எழுதப்பட்டுள்ளது. தண்டவாளம் இட்டவரும் அதன்மீது ஓடிய வண்டிக்குச் சீட்டுக் கிழித்தவரும் ஒரே மொழியினர். ஆயினும் அவர்கள் ஒரே நூலில் அருகருகே வந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

தைப்பிங்கிற்கு மேற்கிலும் வடமேற்கிலும் விரியும் கிரியான் வட்டாரத்தையும் ஒரு சொல்லில் குறிப்பிட வேண்டும். பினாங்கு, கெடா எல்லைகளை ஒட்டிய அச்சமவெளியில் இரப்பருக்கு முன் இருந்தது கரும்பு. சஞ்சிக்கூலிகளாக வந்த தமிழர் அங்கே உழைத்தனர். ஆகவே ‘தோட்டம்’ என்ற சொல்லையேகூட இரப்பரோடு மட்டும் இணைத்துக் காண்பது வடபேராக்கிற்குப் பொருந்தாது.

மிகையுரிமை என்னும் மறுபக்கம்

விடுபட்டதைச் சேர்ப்பது ஒன்று. இல்லாததை உரிமைகொள்வது வேறொன்று. நம் எழுத்துகளில் இரண்டாவது போக்கும் உண்டு. அதனைக் கண்டிக்காமல் முதலாவதை மட்டும் பேசினால் இக்கட்டுரை நடுநிலை தவறியதாகும்.

1873இல் மந்திரி ஙா இப்ராகிமுக்காகக் காப்டன் ஸ்பீடி இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 110 சிப்பாய்களைத் திரட்டி லாருட்டுக்கு அழைத்து வந்தார். அப்படையே பின்னர்ப் பேராக் ஆயுதக் காவல்படையாகவும், 1884இல் பேராக் சீக்கியர் படையாகவும், 1896இல் மலாய் நாடுகளின் வழிகாட்டிப் படையாகவும் வளர்ந்து, தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி, 1919இல் கலைக்கப்பட்டது. ‘லாருட் போரை முடித்தவர்கள் இந்தியர்’ என்று இதைத் தமிழர் வரலாற்றில் சேர்த்தெழுதுவோர் உளர். வந்தவர்கள் பெரும்பாலும் பஞ்சாபியரும் பட்டாணியரும் ஆவர். ‘இந்தியர்’ என்னும் சொல் இங்கே ஒரு திரையாகிறது. தேவைப்படும்போது அதை விரித்துக் கொள்கிறோம். தேவையற்றபோது தமிழர் எனச் சுருக்கிக் கொள்கிறோம்.

மற்றொரு சான்று கோலசெலின்சிங் முத்திரை. தைப்பிங் அரும்பொருளகத்தில் பணியாற்றிய ஐவர் எவன்ஸ், 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் மாத்தாங் கடற்கரைச் சதுப்பு நிலத்தில் நிகழ்த்திய அகழ்வுகளோடு தொடர்புடைய அச்சூதுபவள முத்திரையில் விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. தென்னிந்திய எழுத்து மரபைச் சார்ந்த எழுத்து அது. ஆனால் மொழி சமஸ்கிருதம். அதைக்கொண்டு தென்னிந்தியக் கடல்வணிகத் தொடர்பைப் பேசலாம். தைப்பிங் தமிழர் குடியிருப்பின் தொன்மையைப் பேச இயலாது. ஆயினும் மலர்க் கட்டுரைகள் முத்திரையில் தொடங்கி, கடாரத்தைத் தொட்டு, ஒரே தாவலில் இரப்பர்த் தோட்டத்தில் வந்து இறங்குகின்றன. தாவிய இடைவெளியில்தான் இருப்புப்பாதை கிடக்கிறது, சாலை கிடக்கிறது, லம்பம் கிடக்கிறது. அரசனின் முத்திரைமீது உரிமை கொண்டாட முந்துகிறோம். கூலியின் மண்வெட்டிக்கு உரிமை கோரக் கூசுகிறோம்.

மீண்டும் எல்லைக்கு

இவ்விரு எச்சரிக்கைகளோடு கிளியான் இந்தானுக்குத் திரும்பினால் அவ்வூர் நமக்குச் சில புதிய வினாக்களைத் தருகிறது.

நிறுவனப் பெயரிலுள்ள ‘ஹைட்ராலிக்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். உயரமான இடத்தில் நீரைத் தேக்கி, கால்வாய்களிலும் குழாய்களிலும் இறக்கி, அதன் அழுத்தத்தால் மலைச்சரிவைக் கரைத்து, கரைந்த சேற்றைப் பாலோங் எனப்படும் நீண்ட மரத்தொட்டியில் ஓடவிட்டு ஈயமணலைப் படியச் செய்யும் முறை அது. இம்முறையில் சுரங்கம் என்பது மண் தோண்டும் குழியோடு முடிவதில்லை. மைல்கணக்கான வாய்க்கால், அணை, குழாய்ப் பாதை, அவற்றைச் செப்பனிடும் ஆட்கள், பொருள் கொண்டுவரும் சாலை, அச்சாலைக்குக் கப்பிக்கல் உடைப்போர் அனைவரும் சேர்ந்ததே சுரங்கம். கூட்டு மலாய் நாடுகளின் மராமத்து இலாகா தன் சாலைப் பணிகளுக்குத் தென்னிந்தியத் தொழிலாளரையே பெரிதும் நம்பியிருந்தது. ‘ஈயத் தொழிலாளி’ என்பவர் யார் என்று வரையறுக்கும் இடத்திலேயே நம் வாய்பாடு வழுக்குகிறது. குழிக்குள் நின்றவரை மட்டும் எண்ணினால் ஒரு வரலாறு வரும். குழிக்கு வழியமைத்தவரையும் எண்ணினால் வேறொரு வரலாறு வரும்.

இரண்டாவது வினா, வடஎல்லை தமிழர் நினைவில் எவ்வாறு பதிந்துள்ளது என்பது. 1941 டிசம்பரில் குரோவிலிருந்து எல்லை தாண்டிப் பட்டாணிச் சாலையில் முன்னேறி, ஜப்பானியரால் முறியடிக்கப்பட்டுப் பின்வாங்கிய படையில் பஞ்சாப் படைப்பிரிவுகள் இருந்தன. குரோவை விட்டு ஜப்பானியர் கிரிக் வழியே தெற்கே இறங்கினர். போர்வரலாற்று நூல்களில் இச்சாலைக்கு வரைபடமே உண்டு. தமிழ் எழுத்தில் அதற்குச் சுவடில்லை. நமக்கு வடக்கெல்லை என்றால் சயாம். சயாம் என்றால் மரண ரயில். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்நினைவை இலக்கியமாக்கின. பல்லாயிரவர் மாண்ட அப்பெருந்துயர் மற்ற நினைவுகளை மறைத்துவிட்டதில் வியப்பில்லை. ஆனால் எல்லையை மரணத்தோடு மட்டுமே தொடர்புபடுத்தியதால், எல்லையோரம் வாழ்ந்து, உழைத்து, பிள்ளைகளை வளர்த்த சிறு குழுக்கள் நம் எழுத்தில் இடமிழந்தன.

மூன்றாவது, சொல் பற்றியது. தமிழாசிரியர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன். ‘லம்பம்’ என்பது மலாய் ‘லொம்போங்’ என்பதிலிருந்து நம் மக்கள் வழக்கில் உருவான சொல். அகராதியில் தேடினால் கிடைப்பது அரிது. மாணவர் எழுதினால் ‘கொச்சை’ என்று அடித்துவிட்டுச் ‘சுரங்கம்’ எனத் திருத்துகிறோம். நானும் அவ்வாறு திருத்தியவனே. ஒரு மொழியில் ஒரு தொழிலுக்கு வழக்குச்சொல் உருவாகிப் பல தலைமுறை நிலைத்திருப்பதே, அம்மொழி பேசுவோர் அத்தொழிலின் அருகே வாழ்ந்ததற்குச் சான்று. ‘லம்பக் குட்டை’ என்று சொல்லும் பாட்டி எந்த ஆண்டறிக்கையையும் படித்தவரல்லர். பள்ளி ஒப்படைப்பில் அச்சொல்லை அடிக்கும் சிவப்பு மை, ஓர் ஆவணத்தையே அழிக்கிறது.

கமுந்திங் மாணவர் இரு வாரங்களுக்குப் பின்னர்க் கட்டுரையை மீண்டும் எழுதிக் கொண்டுவந்தார். ‘இரப்பர்த் தோட்டத் தொழிலாளி’ என்பது நீக்கப்பட்டு, ‘லம்பத்தில் மண்ணள்ளியவர், அதற்கு முன் சாலை வேலை’ என்று இருந்தது. முதலாளியின் பெயரைக் கண்டறிய இயலவில்லை என்றும், கங்காணியின் பெயரைப் பாட்டி சொன்னார் என்றும் அடுத்த வரியில் எழுதியிருந்தார்.